சீட்டு பீரியடு

உட்காருங்க சார். அந்த ஸ்டூல் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உட்காருங்க. லேப் வாடை ஒத்துக்கலேன்னா ஜன்னல் பக்கம் வந்துருங்க. பிளஸ் டூ வகுப்பும் இதே ரூம்லதான், எங்களுக்குப் பழகிப்போச்சு.

போன்ல பதிவு பண்றீங்களா? பண்ணிக்கோங்க. ஆனா நீங்க எதிர்பார்த்து வந்த மாதிரி எங்கிட்ட வழிமுறைன்னு ஒண்ணும் கிடையாது. முதல்லயே சொல்லிர்றேன். ஆசிரியர் பயிற்சி நிறுவனத்துல இருந்து கைப்புத்தகம் போடுறாங்க, விளையாட்டு மூலமா வேதியியல் சொல்லிக்கொடுத்த ஆசிரியைன்னு உங்களைப் பேட்டி எடுக்க ஆள் வருவாங்கன்னு எச்.எம். சொன்னாங்க. வாங்கன்னுட்டேன். வர்றவங்களை வேண்டாம்னு சொல்ல முடியாதுல்ல.

பேப்பர்லயும் போட்டாங்க. 'மகிழ்ச்சியோடு கற்பிக்கும் ஜெயக்கொடி டீச்சர்'னு. போட்டோவுல நான் எங்கேயோ பார்த்துக்கிட்டு நிக்கிறேன். என்ன மகிழ்ச்சியைக் கண்டாங்களோ.

நடந்ததைச் சொல்றேன். நீங்க எது வேணுமோ எழுதிக்கோங்க.

போன வருஷம் தீபாவளி முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரர் இறந்துபோனார். தங்கமாரியப்பன்னு பேரு. மின்வாரியத்துல ஃபோர்மேன். முடி வெட்டப் போனவர். துண்டைப் போத்தி உட்கார வச்சு, ஒரு பக்கம் வெட்டி முடிச்சிருக்கார் கடைக்காரர். 'தலையைக் கொஞ்சம் திருப்புங்க அண்ணாச்சி'ன்னு சொல்லியிருக்கார். திருப்பல. அவ்வளவுதான். அப்படியேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. ஒரு பக்கம் வெட்டி, ஒரு பக்கம் வெட்டாம. மத்தியானத்துக்கு மேல அந்தக் கடைக்காரரே கத்திரியும் சீப்புமா வந்து நின்னார். 'அக்கா, மிச்சத்தையும் முடிச்சிரட்டுமா'ன்னு கேட்டார். சரின்னேன். முடிச்சுட்டுப் போனார். நல்லாத்தான் வெட்டியிருந்தார்.

நான் அழல. எங்க நாத்தனார் என் முதுகுல தட்டித் தட்டி, 'அழுதுரு மதினி, அழுதுரு'ங்கிறா. எனக்கு அடுப்புல பருப்பு வெந்துக்கிட்டு இருந்ததே, யாராச்சும் இறக்கி வச்சாங்களான்னு அதுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பையன் ஓசூர்ல இருக்கான். கூட வந்துரும்மான்னான். எதுக்கு? பிளஸ் டூ பிள்ளைகளைப் பாதியில விட்டுட்டு வர முடியாதுன்னு சொன்னேன். அது ஒரு சாக்குதான். ஓசூர்ல இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன. எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு.

காரியம் முடிஞ்சு பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். பிளஸ் டூ, கார்பனைல் சேர்மங்கள் பாடம். நீங்க கெமிஸ்ட்ரி இல்லைன்னு சொன்னீங்கல்ல? அல்டிஹைடு, கீட்டோன் எல்லாம் வரும். இருபது வருஷத்துக்கு மேல நடத்துற பாடம். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். போர்டுல தலைப்பை எழுதினேன். திரும்பினேன். வாயைத் திறந்தேன், ஒண்ணும் வரல. அழுகை முட்டுச்சுன்னு நெனைக்காதீங்க. அதெல்லாம் இல்ல. பேசணும்னு தோணல, அவ்வளவுதான். குழாயைத் திறக்கிறோம், தொட்டியில தண்ணி இல்ல. அதுக்குக் குழாய் என்ன செய்யும்? பிள்ளைக பார்த்துக்கிட்டே இருந்துச்சுக. நான் மறுபடியும் போர்டுப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பிச்சுட்டேன். பெல் அடிக்கிற வரைக்கும் எழுதினேன். அதுகளும் எழுதுச்சுக.

அப்படியே கொஞ்ச நாள் போச்சு. நான் எழுதுறது, அதுக எழுதுறது.

அரையாண்டுத் தேர்வு வந்துச்சு. பாடத்தைத் திருப்பி நடத்தணும். திருப்புதல்னா எழுதிப்போட்டாப் பத்தாது, பேசணும், கேள்வி கேக்கணும். எனக்குத் தெம்பில்ல. பீரோ மேல பழைய சார்ட் அட்டை கிடந்துச்சு. எடுத்துச் சின்னச் சின்னதா வெட்டினேன். ஒரு சீட்டுல சேர்மத்தோட பேரு, ஒரு சீட்டுல அதோட என்னத்தைச் சேர்க்கணும், ஒரு சீட்டுல என்ன வினை நடந்து என்ன கிடைக்கும். மூணும் சேர்ந்தா ஒரு செட்டு. வீட்டுல ராத்திரி தூக்கமும் இல்ல, பொழுதும் போகணும்ல, நிறைய வெட்டினேன். கொண்டுவந்து பெஞ்சுக்குப் பெஞ்சு போட்டேன். 'ரம்மி மாதிரி ஆடுங்க. செட்டு சேர்த்தவ ஜெயிச்சா. சத்தம் போடாம ஆடுங்க'ன்னுட்டு, இந்தா இந்த ஜன்னல்கிட்டதான், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டேன்.

இதுதான் சார் உங்க வழிமுறை. நான் பேசாம உட்காரணும்னு கண்டுபிடிச்சது. இதை அப்படியே எழுதுவீங்களா? எழுத மாட்டீங்க.

முதல்ல நல்லாத்தான் ஆடினாங்க. சத்தமே இல்ல. சீட்டை வைக்கிறது, எடுக்கிறது, தப்பு கிடையாது, தகராறு கிடையாது. நான் வெளிய பார்த்துக்கிட்டு இருப்பேன். அங்க ஒரு வேப்பமரம், சைக்கிள் ஸ்டாண்டு, வேற ஒண்ணும் இல்ல. பெல் அடிச்சா எந்திரிப்பேன்.

அப்பதான் யாரோ ஒரு பிள்ளையோட அப்பா எச்.எம்.கிட்ட வந்து புகார் சொல்லியிருக்கார். பொதுத்தேர்வு வருது, கெமிஸ்ட்ரி டீச்சர் வாயே திறக்கிறதில்ல, வகுப்புல சீட்டாட விடுறாங்கன்னு. அவர் சொன்னதுல தப்பில்ல. எச்.எம். கூப்பிட்டாங்க. எஸ்தர் பொன்மணின்னு பேரு, நல்ல மனுஷி. 'ஜெயக்கொடி, நீங்க மார்ச் வரைக்கும் லீவு போட்டு வீட்டுல இருங்க. தற்காலிகமா ஒரு ஆளைப் போட்டுக்கிறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்'னாங்க.

'சரி மேடம்'னேன்.

'வீட்டுல கூட யாரு இருக்கா?'

'யாரும் இல்ல மேடம்.'

அவங்க கையில எடுத்த பேனாவை மூடி வச்சாங்க. அப்புறம், 'அடுத்த வாரம் கல்வி அலுவலர் பார்வையிட வர்றார். அது முடியட்டும், முடிவு பண்ணிக்கலாம்'னாங்க. நான் திரும்பினா வாசல்ல பர்கத் நிஷா நிக்கிறா. எங்க வகுப்புப் பிள்ளை. வருகைப் பதிவேடு கொடுக்க வந்திருக்கா. கொடுக்க வந்தவ கொடுக்காமயே போயிட்டா. அப்படி ஒரு மறதிக்காரி.

அதுக்கு அடுத்த நாள்ல இருந்துதான் சார் இந்த வகுப்புக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. எல்லாம் மக்காப் போச்சுக.

சங்கரகோமதின்னு ஒருத்தி. வகுப்புல முதல் மார்க். கண்ணை மூடிக்கிட்டுச் சமன்பாடு எழுதுறவ. அவ ஃபார்மால்டிஹைடு சீட்டை எடுத்து ஆல்டால் குறுக்கத்தோட சேர்த்து வச்சுட்டு, 'செட்டு'ங்கிறா. எதிர்ல இருக்கிறவ தப்புங்கிறா. இவ சரிங்கிறா. ஒரே கத்தல். 'டீச்சர், நீங்க வந்து சொல்லுங்க'ங்கிறா.

உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். அந்த வினை நடக்கணும்னா ஆல்ஃபா ஹைட்ரஜன்னு ஒண்ணு இருக்கணும். அதாவது பக்கத்துக் கார்பன்ல ஒரு ஹைட்ரஜன். ஃபார்மால்டிஹைடுல பக்கத்துக் கார்பனே கிடையாது. இருக்கிறதே ஒரு கார்பன். இது கோமதிக்குத் தெரியாதா? அவதான் மத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பா. எந்திரிச்சுப் போனேன். 'ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்ல'ன்னு மூணே வார்த்தை சொன்னேன். 'அப்படின்னா என்ன டீச்சர்?'ங்கிறா. சார், சாமி சத்தியமா, 'அப்படின்னா என்ன'ன்னு கேட்டா! போர்டுக்குப் போய் வரைஞ்சு காட்டிச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

வந்து உட்காருவேன். உடனே அந்த மூலையில ஒரு சண்டை. அசிட்டோனை ஆல்கஹால்னு ஒருத்தி சொல்லியிருப்பா. மறுபடி எந்திரிக்கணும். உட்காருவேன். இந்தப் பக்கம் ஒருத்தி கையைத் தூக்கியிருப்பா. ஒரு பீரியடுல நாற்காலி சூடேற விட மாட்டாங்க. முட்டி வலி வந்துருச்சு எனக்கு.

அதோட போச்சா? எப்பப் பார்த்தாலும் ஒரு குழுவுல ஒரு ஆள் குறையும். தினமும் யாராவது ஒருத்தி வயித்துவலின்னு கடைசி பெஞ்சுல படுத்திருப்பா. 'டீச்சர், ஆள் குறையுது, நீங்க ஒரு கை வாங்க.' முடியாதுன்னா ஆட்டமே நடக்காதாம். போய் உட்காருவேன். சும்மா சொல்லக்கூடாது, நான் ஆடினா நான்தான் ஜெயிப்பேன். ஜெயிச்சா அதுக கை தட்டுறதைப் பார்க்கணுமே. தோத்துட்டுக் கை தட்டுற பிள்ளைகளை நான் இங்கதான் பார்த்தேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துலயும் விடுறதில்ல. எனக்கு அப்ப சோறு இறங்காது. டப்பாவைத் திறந்து வச்சுட்டு உட்கார்ந்திருப்பேன், மூடிருவேன். ரெண்டு மூணு பேரு சீட்டுக்கட்டோட வந்துருவாங்க. 'டீச்சர், டவுட்டு. சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க.' பர்கத் நிஷா அவங்க அம்மா செஞ்ச கறிவடையை என் டப்பா மூடியில வச்சுட்டுப் போயிருவா. வேண்டாம்னு சொல்லக் கூட வாய் வராது. வச்சதைக் குப்பையிலயா போட முடியும்? சாப்பிடுவேன். இவங்க டவுட்டு ஒண்ணும் தீராது. நான் முழுசாச் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஓடும்.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் வரைக்கும் கோமதி கூட வருவா. அவளுக்கு ஒரு விளையாட்டு. அவ ஒரு சேர்மத்தை மனசுல நெனைச்சுக்குவா, நான் ஆமா இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேள்வி கேட்டே கண்டுபிடிக்கணும். 'நீர்மமா?' 'ஆமா டீச்சர்.' 'வாசனை இருக்குமா?' 'இருக்கும் டீச்சர்.' பஸ் வந்து நான் ஏறி உட்கார்ற வரைக்கும் நிப்பா. அவ வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். 'எதுக்குடி இந்தப் பக்கம் வர்றே?'ன்னு ஒரு நாள் கேட்டேன். டைப்ரைட்டிங் கிளாஸ்னா. பஸ் ஸ்டாப் பக்கம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் எதுவும் நான் பார்த்ததில்ல. இருக்கும் போல.

இதுக்கு நடுவுல கல்வி அலுவலர் வந்தார்.

நான் வகுப்புல நிக்கிறேன். பின்னாடி நாற்காலி போட்டு அவரும் எச்.எம்.மும் உட்கார்ந்திருக்காங்க. 'நடத்துங்க டீச்சர்'னார். எனக்கு மறுபடியும் அதே மாதிரி. வாயைத் திறக்கிறேன், ஒண்ணும் இல்ல. எச்.எம். தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. சரி, இதோட முடிஞ்சுது, வீட்டுக்குப் போயிரலாம்னு நெனைச்சேன். வருத்தம்கூட இல்ல. வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்காரணும், அவ்வளவுதானே.

கோமதி எந்திரிச்சா. 'வணக்கம் ஐயா. எங்க டீச்சர் பாடத்தை விளையாட்டா நடத்துவாங்க. டீச்சர் சைகை காட்டினா நாங்க ஆரம்பிப்போம்'னா.

எனக்கு ஒரு சைகையும் தெரியாது. கையை லேசா ஆட்டினேன். போதும்னு சொல்றதுக்குத்தான் ஆட்டினேன். அதுக்குள்ள பெஞ்சு எல்லாம் நகருது, சீட்டு விழுது, பெஞ்சுக்கு ஒரு அணி, நடுவர் ஒருத்தி, புள்ளி எழுத ஒருத்தி. யாரு எந்த வினையைச் சொன்னாலும் அது ஏன் நடக்குது, எதுக்கு நடக்கலைன்னு எதிரணி சொன்னாத்தான் புள்ளி. இந்த விதியை எல்லாம் நான் போடவே இல்ல சார். அலுவலர் ஒருத்தியைக் கூப்பிட்டு, 'இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?'ன்னு கேட்டார். 'எங்க ஜெயக்கொடி டீச்சர் ஐயா'ன்னா கூசாம. பச்சைப் பொய். அன்னிக்கு ஒருத்திகூட ஒரு தப்பும் பண்ணல. ஃபார்மால்டிஹைடு வந்தப்ப கோமதி ஆல்ஃபா ஹைட்ரஜனை அப்படி விளக்குறா, காலேஜ் புரொபசர் மாதிரி. அலுவலர் கை தட்டினார். அவரோட வந்த பேப்பர்காரர் போட்டோ எடுத்ததும் அன்னிக்குத்தான். எச்.எம். போகும்போது என் கையைப் பிடிச்சுட்டுப் போனாங்க. லீவுப் பேச்சு அதுக்கப்புறம் வரல.

சரி, பிள்ளைகளுக்குப் புரிஞ்சுருச்சு, இனிமே நிம்மதியா உட்காரலாம்னு நெனைச்சேன். மறுநாள் கோமதி ஃபார்மால்டிஹைடை எடுத்து ஆல்டாலோட வைக்கிறா!

எனக்கு எங்க இருந்து அப்படி ஒரு கோவம் வந்துச்சுன்னு தெரியல சார். மேசையில ஓங்கி அடிச்சேன். இந்தா, இந்த மேசைதான். 'நேத்துதானடி சொன்னே? பெரிய மனுஷங்க முன்னாடி சொன்னேல்ல? இன்னிக்கு எங்க போச்சு? மூளையை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா?'ன்னு ஆரம்பிச்சேன். நிறுத்த முடியல. போர்டை முழுக்க அழிச்சுட்டு, முதல் வினையில இருந்து கடைசி வரைக்கும் அந்தப் பாடம் பூராவும் நடத்தினேன். திட்டுறதும் பாடமுமா சேர்ந்தே வருது. பெல் அடிச்சுது, நான் நிறுத்தல. அடுத்த பீரியடு பிசிக்ஸ். அந்த டீச்சர் கலாவதி வாசல்ல வந்து நின்னு பார்த்துட்டு அப்படியே போயிட்டாங்க. என் குரல் வராண்டா முழுக்கக் கேட்டுச்சாம். எனக்கே அது யாரோட குரலோ மாதிரி இருந்துச்சு.

முடிச்சுட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். அவ்வளவு திட்டு வாங்கினவ, கோமதி, சிரிக்கிறா. கண்ணுல தண்ணி கொட்டுது, சிரிக்கிறா. பக்கத்துல நிஷா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு அவளும் அதே மாதிரி. திட்டினா உறைக்கணும்ல? எருமை மாடுகன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். வந்து அந்தத் தண்ணித்தொட்டிக்கிட்ட நின்னு முகம் கழுவினேன். ரொம்ப நேரம் கழுவினேன். அன்னிக்குத்தான் அழுதேன்னு நெனைக்கிறேன். தண்ணியோட தண்ணியாப் போச்சு, சரியாச் சொல்லத் தெரியல.

அப்புறம் பொதுத்தேர்வு. எல்லாரும் பாஸ். கோமதி நூத்துக்கு நூறு. நிஷா தொண்ணூறுக்கு மேல. அத்தனை நாளும் தப்பாவே ஆடின பிள்ளைக, பரீட்சையில எப்படி எழுதுச்சுகன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல. கேள்வித்தாள் லேசா இருந்திருக்கும். எச்.எம்.கிட்டயும் அதைத்தான் சொன்னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்துட்டு, 'உங்களுக்கு நிஜமாவே தெரியலையா ஜெயக்கொடி?'ன்னாங்க. 'என்னது மேடம்?'னேன். 'ஒண்ணும் இல்ல'ன்னுட்டாங்க.

நீங்க எதுக்கு சார் எழுதுறதை நிறுத்திட்டீங்க? எழுதுங்க. உங்களுக்கு வேண்டியது இனிமேதான் வருது.

நீங்க கைப்புத்தகத்துல போடப்போறீங்க, மத்த டீச்சருங்க படிச்சுட்டு அவங்க வகுப்புலயும் செய்வாங்க. அதனால இதைச் சொல்லியாகணும். அந்த விளையாட்டு வேலை செய்யல.

இந்த வருஷம் புது பிளஸ் டூ. நல்ல பிள்ளைக, போன வருஷத்துப் பிள்ளைகளைவிடப் புத்திசாலிக. இப்ப நான் பேசுறேன், பாடம் நடத்துறேன், அதெல்லாம் பிரச்சினை இல்ல. திருப்புதலுக்கு அதே சீட்டைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அதே விதி. ஆடுறாங்க. அமைதியா ஆடுறாங்க. ஒருத்தியும் தப்பு பண்றதில்ல. ஒரு சண்டை கிடையாது. எந்தக் குழுவுலயும் ஆள் குறையறதில்ல. யாருக்கும் வயித்துவலி இல்ல. டவுட்டுன்னு ஒருத்தி கூப்பிடணுமே! நான் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். போன வருஷம் பூரா எதைக் கேட்டேனோ அது கிடைச்சிருச்சு. உட்கார முடியல சார். எந்திரிச்சு எந்திரிச்சு ஒவ்வொரு பெஞ்சாப் போய் நிக்கிறேன். 'என்னம்மா, புரியுதா?'ங்கிறேன். 'புரியுது டீச்சர்'ங்கிறாங்க. மரியாதையாத்தான் சொல்றாங்க. சொல்லிட்டு ஆட்டத்தைப் பார்க்கிறாங்க.

என்ன குறையுதுன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன். சீட்டைப் புதுசா வெட்டிப் பார்த்தேன். கலர் மாத்திப் பார்த்தேன். பெஞ்சை மாத்திப் போட்டேன்.

நேத்து என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு குழுவுல போய், 'எனக்கும் ஒரு கை போடுங்க'ன்னு நானே கேட்டு உட்கார்ந்தேன். இடம் விட்டாங்க. என் முறை வந்துச்சு. கையில அசிட்டோன் இருந்துச்சு. அது கீட்டோன், அதுக்கு வெள்ளி ஆடி வராது. சோதனைக்குழாய்ல உள்பக்கம் வெள்ளி பூசி, கண்ணாடி மாதிரி பளபளன்னு வருமே, அது அல்டிஹைடுக்குத்தான் வரும். கெமிஸ்ட்ரியில அரிச்சுவடி அது. நான் வேணும்னே அசிட்டோனை வெள்ளி ஆடியோட சேர்த்து வச்சு, 'செட்டு'ன்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேட்காதீங்க. எனக்கே தெரியல.

எதிர்ல இருந்த பிள்ளை சீட்டைப் பார்த்தா. அவ கண்டுபிடிச்சுட்டா, எனக்குத் தெரியும், முகத்துல தெரிஞ்சுது. அப்புறம் என்னைப் பார்த்தா. தலை நரைச்ச டீச்சர், பேப்பர்ல வந்தவங்க.

'சரி டீச்சர், நீங்க ஜெயிச்சுட்டீங்க'ன்னா. சீட்டை எல்லாம் சேர்த்துக் கலைக்க ஆரம்பிச்சுட்டா.

யாரும் கத்தல சார். யாரும் ஏன்னு கேக்கல. நான் அந்த பெஞ்சுலயே, அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு போடுவாங்கன்னு, கையை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.